ஒரே கார், ஒரே சாலை: ஒருவருக்கு 19, இன்னொருவருக்கு 13 வருவது ஏன்?

கேள்வி இதுதான்: அலுவலகத்தில் இரண்டு பேரிடம் ஒரே மாடல் பெட்ரோல் கார் இருக்கிறது. இருவரும் ஏறக்குறைய ஒரே வழியில் ஓட்டுகிறார்கள், பெட்ரோல் போடுவதும் ஒரே இடத்தில்தான். ஒருவருக்கு லிட்டருக்கு 19 கிலோமீட்டர் கிடைக்கிறது. கேள்வி கேட்டவருக்கு 13-தான். சர்வீஸில் காட்டினால் வண்டியில் ஒரு குறையும் இல்லை என்கிறார்கள். அப்படியானால் காரணம் டிராஃபிக்கா, ஓட்டும் விதமா?

வண்டியில் கோளாறு இல்லை என்று சொன்னதை நம்பலாம். 13-க்கும் 19-க்கும் உள்ள வித்தியாசம் ஓட்டும் விதத்தில் மட்டுமே வந்துவிடக்கூடியது. ஆனால் டிராஃபிக்கையும் ஓட்டுவதையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் விஷயம் பிடிபடாது. இரண்டும் சந்திக்கும் இடம் பிரேக். மைலேஜ் என்றாலே எல்லோரும் ஆக்சிலரேட்டரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் முதலில் பிரேக்கைப் பார்க்கச் சொல்வேன்.

ஓடும் காரில் அதன் வேகமே ஒரு ஆற்றல் சேமிப்பு. ஆட்களோடு சேர்த்து 1200 கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதற்குள் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 167 கிலோஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32,000 கிலோஜூல் இருக்கிறது. ஆனால் வேகம் பிடிக்கும்போது அதில் கால்வாசி சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலே பெரிய விஷயம், மீதி வெப்பமாகப் போய்விடும். அந்தக் கணக்கில் நின்ற இடத்திலிருந்து 60-ஐத் தொட சுமார் 20 மில்லி பெட்ரோல் ஆகிறது. அடுத்த சிக்னலில் பிரேக்கை அழுத்தி நிறுத்தினால் அந்த 20 மில்லியின் பலன் முழுவதும் பிரேக் டிஸ்க்கில் சூடாகி, காற்றில் கலந்துவிடுகிறது. திரும்பக் கிளம்ப இன்னொரு 20 மில்லி.

இந்த ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 60-க்குப் பதில் 40 வரை மட்டுமே போய் நிறுத்தியிருந்தால் செலவு பாதிக்கும் கீழே, சுமார் 9 மில்லிதான். இரண்டு சிக்னலுக்கு நடுவே 60-ஐப் பிடித்துவிட்டு நிறுத்துகிறவருக்கும் 40-லேயே வந்து நிறுத்துகிறவருக்கும் அந்த ஒரு நிறுத்தத்திலேயே இவ்வளவு வித்தியாசம். நேரத்தில் லாபம் உண்டா என்றால், சிவப்பு விளக்கு இருவரையும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்க வைக்கும்.

இதை ஒரு கிலோமீட்டர் நகரச் சாலையில் வைத்துப் பார்ப்போம். இந்தக் கார் தடையே இல்லாமல் சீராக 50-ல் ஓடினால் கிலோமீட்டருக்கு 38 மில்லி வாக்கில் குடிக்கும் என்று வையுங்கள், அதாவது லிட்டருக்கு 26. அதே தூரத்தில் இரண்டு முறை 50-லிருந்து முழுதாக நிறுத்திக் கிளம்பினால் கூடுதலாக 29 மில்லி. ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் இன்ஜின் சும்மா ஓடினால் இன்னும் ஒரு 12 மில்லி. மொத்தம் 79 மில்லி, மைலேஜ் 13-க்கும் கீழே. இப்போது அதே சாலையில் இன்னொருவர் சிக்னல் தூரத்தில் சிவப்பாகத் தெரியும்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறார். ஒரு சிக்னலை நிற்காமல் உருண்டபடியே கடக்கிறார், மற்றொன்றில் 40-லிருந்து நிற்கிறார். அவருக்கு 53 மில்லி அளவில் முடிந்துவிடும். லிட்டருக்கு 19. இது தோராயக் கணக்குதான், நிஜ சாலையில் மேடும் காற்றும் உண்டு. ஆனாலும் கேள்வியில் உள்ள இரண்டு எண்களும் எங்கிருந்து வரக்கூடும் என்பது இதில் தெரியும்.

முரட்டுத்தனமாக ஓட்டுவதால் ஆகும் இழப்பு பற்றி அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் அளவும் இதோடு ஒத்துப்போகிறது. நின்று நின்று போகும் போக்குவரத்தில் மைலேஜ் 10 முதல் 40 சதவீதம் வரையும், நெடுஞ்சாலை வேகத்தில் 15 முதல் 30 சதவீதம் வரையும் குறையும் என்கிறார்கள்.

லாரி ஓட்டுகிறவர்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 40 டன் எடையோடு 60-ல் வரும் லாரியை ஒரு முறை நிறுத்தி மறுபடி அதே வேகத்துக்குக் கொண்டுவர சுமார் 400 மில்லி டீசல் ஆகும். அனுபவப்பட்ட லாரி டிரைவர் தூரத்து சிக்னலுக்கே வேகத்தைக் குறைத்து உருண்டு வருவதைப் பார்த்து, பின்னால் ஹாரன் அடிக்கிறவருக்கு அந்தக் கணக்கு தெரியாது.

சரி, டிராஃபிக்கின் பங்கு எவ்வளவு? இங்கே ஓட்டுநரை மட்டும் குறை சொல்வதும் நியாயம் இல்லை. சின்ன பெட்ரோல் கார் சும்மா நின்றபடி ஓடினாலே மணிக்கு 0.6 முதல் 0.8 லிட்டர் ஆகும், ஏசி போட்டால் ஒரு லிட்டரைத் தொடும். இப்போது ஊர்ந்துகொண்டிருக்கும் நெரிசலில் உங்கள் சராசரி வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர் என்று வையுங்கள். இன்ஜின் உயிரோடு இருப்பதற்கே மணிக்கு 0.8 லிட்டர் போகிறது என்றால், நகர்வதற்கான செலவைச் சேர்க்காமலே மைலேஜ் 10-ஐத் தாண்ட முடியாது. உலகின் மிகச் சிறந்த ஓட்டுநரை உட்கார வைத்தாலும் இந்த வரம்பு மாறாது. அதனால் உங்கள் நண்பர் வீட்டிலிருந்து அரை மணி நேரம் முன்னால் கிளம்புகிறவராக இருந்தால், அவருடைய 19-ல் அந்த அரை மணி நேரத்துக்கும் பங்கு உண்டு. முதலில் அதை அவரிடம் கேட்டுவிடுங்கள்.

பெட்ரோல் இன்ஜினுக்கு நெரிசல் பிடிக்காததற்கு உள்ளேயே ஒரு காரணமும் இருக்கிறது. மெதுவாகப் போகும்போது, இன்ஜினுக்குள் காற்றை விடும் கதவான த்ராட்டில் வால்வு ஏறக்குறைய மூடியிருக்கும். அந்தச் சின்ன இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சுவதற்கே இன்ஜின் பாடுபட வேண்டும். பிஸ்டன் உராய்வு, எண்ணெய் பம்ப், ஆல்டர்னேட்டர் இவையெல்லாம் எப்போதும்போல் தங்கள் பங்கைக் கேட்கும். சக்கரத்துக்குத் தேவையானதோ கொஞ்சம். அதாவது உருப்படியான வேலை குறைய, நிர்வாகச் செலவு அப்படியே இருக்கும். டீசல் இன்ஜின் காற்றை அப்படி நெரித்து இயங்குவதில்லை. நகரத்தில் டீசல் வண்டியின் மைலேஜ் அவ்வளவாகச் சரியாததற்கு இது முக்கியக் காரணம்.

இதிலிருந்து வரும் ஒரு முடிவு பலருக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். மைலேஜுக்காக ஆமை வேகத்தில் வேகம் பிடிப்பது நல்லதல்ல. குறைந்த கியரில், ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் நீண்ட நேரம் இழுத்துக்கொண்டே போனால், இன்ஜின் தன் மோசமான பகுதியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். குறைந்த ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை), நடுத்தரத்துக்குச் சற்று மேலான சுமை, அங்கேதான் அது சிக்கனமாக வேலை செய்கிறது. எனவே ஓரளவு திடமாக அழுத்துங்கள், 2000-லிருந்து 2500 ஆர்பிஎம்-க்குள் அடுத்த கியர் மாற்றுங்கள், சாலை அனுமதிக்கும் வேகம் வந்ததும் உயர்ந்த கியரில் லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்ஜின் அதிர்ந்து முனகினால் கியர் அதிகம் என்று பொருள், இறக்கிவிடுங்கள். முழுதாக மிதிப்பது வேறு கதை. அப்போது இன்ஜினைக் குளிர்விக்கவும் முழுச் சக்தி தரவும் கணினி கூடுதலாகப் பெட்ரோலைத் தெளிக்கும். சின்ன டர்போ இன்ஜின்களில் இது நன்றாகவே தெரியும். நிதானமாக ஓட்டுகிறவரிடம் அருமையான மைலேஜ் கொடுக்கும் அதே டர்போ, விரட்டுகிறவரிடம் பெரிய இன்ஜின் மாதிரி குடிக்கும்.

காலை எடுத்ததும் என்ன நடக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டியது. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால், ஆர்பிஎம் ஐட்லிங் (இன்ஜின் சும்மா ஓடும்) அளவுக்குப் பக்கத்தில் இறங்கும்வரை பெட்ரோல் அடியோடு நிற்கும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. சிவப்பு சிக்னலை நோக்கி 200 மீட்டர் இப்படி வந்தால் அந்த 200 மீட்டரில் பெரும்பகுதி செலவில்லாத தூரம். நியூட்ரலில் போட்டு உருண்டால் இன்ஜின் அணையாமல் இருக்க ஐட்லிங் அளவுக்குப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். கார்புரேட்டர் காலத்தில் பழகியவர்கள் இறக்கத்தில் நியூட்ரல் போடுவதை இன்னும் விடவில்லை. சமதளத்தில் நியூட்ரலில் அதிக தூரம் உருளும் என்பது உண்மைதான். ஆனால் இறக்கத்தில் அது இன்ஜின் பிரேக்கிங்கை எடுத்துவிடுகிறது, மொத்தச் சுமையும் பிரேக்கில் விழுந்து அது சூடேறிப் பிடிக்காமல் போகலாம். இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குவது அதைவிட ஆபத்து. பிரேக்குக்கு உதவும் வாக்குவமும் ஸ்டீயரிங் உதவியும் போய்விடும். இதில் மிச்சமாகும் சில மில்லிக்காக யாரும் அந்த வேலையில் இறங்க வேண்டாம்.

சிக்னலில் இன்ஜினை அணைப்பது லாபமா என்று நிறையப் பேர் கேட்பதுண்டு. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடம் இதை அளந்து பார்த்திருக்கிறது. 10 வினாடிக்கு மேல் நிற்கப் போகிறீர்கள் என்றால் அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்வதில்தான் எரிபொருள் மிச்சம். தானாக நின்று தானாகக் கிளம்பும் வசதி உள்ள வண்டிகளில் பேட்டரியும் ஸ்டார்டரும் அதற்கென்றே உறுதியாகச் செய்யப்பட்டவை, அந்த பட்டனை அணைத்து வைக்காதீர்கள். அந்த வசதி இல்லாத வண்டியில் அரை நிமிடத்துக்கு மேல் நிற்கும் நீண்ட சிக்னல்களில் மட்டும் அணைத்தால் போதும். வரிசை ஊர்ந்துகொண்டிருக்கும்போது அணைத்து அணைத்துப் போடுவது பேட்டரிக்கு நல்லதல்ல, பின்னால் இருப்பவருக்கும் எரிச்சல்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நெரிசலில் ஒரு பகுதி, சாலையில் எந்தத் தடையும் இல்லாமலே பிறக்கிறது. விபத்து இல்லை, பள்ளம் இல்லை, ஆனாலும் எல்லோரும் நின்று, கொஞ்ச தூரம் போய், மறுபடி நின்றிருப்போம். காரணம் ஒன்றுமே கண்ணில் படாது. ஜப்பானில் யூகி சுகியாமாவும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டப் பாதையில் 22 கார்கள். எல்லோரும் 30 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போக வேண்டும் என்பதுதான் உத்தரவு. சிறிது நேரம் சரியாகப் போனார்கள். அப்புறம் யாரோ ஒருவர் இம்மி அளவு வேகம் குறைக்க, பின்னால் வந்தவர் பயந்து கொஞ்சம் கூடுதலாகக் குறைக்க, அவருக்குப் பின்னால் இருந்தவர் இன்னும் கூடுதலாக. கடைசியில் சில கார்கள் முழுதாக நின்றேவிட்டன. அந்த நெரிசல் அலை மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. நெடுஞ்சாலைகளில் காணப்படும் அலைகளின் வேகமும் ஏறக்குறைய அதுவே.

பல ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் அரிசோனாவில் இதே மாதிரி ஒரு வட்டத்தில் சுமார் 20 கார்களை ஓடவிட்டு, அதில் ஒரே ஒரு காரை மட்டும் கணினியிடம் ஒப்படைத்தார்கள். அந்தக் கார் முன்னால் இருப்பவர் ஓடும்போதெல்லாம் பின்னாலேயே ஓடவில்லை. கொஞ்சம் இடைவெளி விட்டு, சராசரி வேகத்திலேயே போனது. அதன் பின்னால் அலை அடங்கிவிட்டது. கிலோமீட்டருக்கு வண்டிக்கு 9 முறை போல் விழுந்துகொண்டிருந்த திடீர் பிரேக் 2.5-க்கு இறங்கியது. எல்லாக் கார்களுக்கும் சேர்த்து எரிபொருள் செலவு 40 சதவீதம் வரை குறைந்தது. இருபதில் ஒருவர் நிதானமாக இருந்தால் மற்ற பத்தொன்பது பேருக்கும் பலன் போய்ச் சேர்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். அவர்கள் யாரும் நன்றி சொல்லப்போவதில்லை, அது வேறு.

இடைவெளி விட்டால் பக்கத்தில் இருப்பவன் நுழைந்துவிடுவானே என்பது நியாயமான கேள்வி. நுழைவார்கள்தான். ஆனால் ஒருவர் நுழைவதால் உங்களுக்குப் போவது இரண்டு வினாடி. பத்துப் பேர் நுழைந்தாலும் அரை நிமிடம் ஆகாது. முன்னால் இருப்பவரின் பம்பரைத் தொட்டுக்கொண்டே போகிறவர், அவர் பிரேக் போடும்போதெல்லாம் தானும் போட்டாக வேண்டும். வேறு வழி இல்லை. இடைவெளி வைத்திருப்பவர் அந்த பிரேக்குகளில் பாதியைக் காலை எடுப்பதோடு முடித்துக்கொள்வார். நகரத்தில் மைலேஜுக்கு ஒரே ஒரு பழக்கத்தை மாற்றுவதென்றால் நான் இதைத்தான் சொல்வேன். முன்னால் இருக்கும் காரின் பிரேக் விளக்கைப் பார்க்காமல், அதற்கு முன்னால் மூன்றாவது, நான்காவது வண்டி என்ன செய்கிறது என்று பாருங்கள்.

நெடுஞ்சாலைக்குப் போனால் இந்த பிரேக் கணக்கு ஓரமாக ஒதுங்கி, காற்று முன்னுக்கு வருகிறது. காற்றின் எதிர்ப்பும் வேகத்தின் வர்க்கத்தில்தான் ஏறும். சாதாரணக் காரில் 65 கிலோமீட்டர் வேகம் வாக்கில் காற்றின் எதிர்ப்பும் டயரின் உருளல் எதிர்ப்பும் சமமாகின்றன. அதற்கு மேல் காற்றின் ராஜ்யம். 80-லிருந்து 100-க்குப் போனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தேவையான ஆற்றல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. 100-லிருந்து 120-க்குப் போனால் மறுபடியும் அதே அளவு. வேகத்தில் இன்ஜின் சற்றுத் திறமையாக ஓடுவதால் பெட்ரோல் செலவு அந்த அளவு முழுதாக ஏறாது, ஆனாலும் கால்வாசி கூடும். 100 கிலோமீட்டர் தூரத்தில் 120-ல் போவதால் மிச்சமாவது 10 நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்கு இந்த விலை தகுமா என்பது அவரவர் அவசரம். கூரைமேல் பெட்டியைக் கட்டிக்கொண்டு அந்த வேகத்தில் போவதைவிடப் பெட்ரோலை வீணாக்க எளிய வழி கிடையாது. நெடுஞ்சாலை வேகத்தில் பெரிய கூரைப்பெட்டி மட்டுமே 10 முதல் 25 சதவீதம் வரை தின்னும். பயணம் முடிந்ததும் கழற்றி வையுங்கள்.

இருசக்கர வாகனக்காரர்கள் சின்ன வண்டிதானே, காற்று என்ன செய்யும் என்று நினைப்பார்கள். உண்மை நேர்மாறு. உட்கார்ந்திருக்கும் மனிதர் காற்றுக்கு ஒரு சுவர். வண்டியோ எடை குறைவு, உருளல் எதிர்ப்பும் குறைவு. அதனால் 30, 35 வேகத்திலேயே காற்றின் எதிர்ப்பு முந்திவிடுகிறது. 45-ல் ஓட்டுவதற்கும் 70-ல் ஓட்டுவதற்கும் பைக்கில் மைலேஜ் வித்தியாசம் அவ்வளவு பளிச்சென்று தெரிவது இதனால்தான்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கம்பெனி சொல்லும் மைலேஜ் ஏன் வருவதில்லை என்பதும் விளங்கும். அந்த எண் சோதனைக்கூடத்தில் எடுப்பது. ஐரோப்பாவில் முன்பு அதற்கென இருந்த என்இடிசி சோதனை 20 நிமிடம், 11 கிலோமீட்டர், சராசரி வேகம் 34. வேகம் பிடிப்பதெல்லாம் நிஜத்தில் யாரும் செய்யாத மென்மையோடு நடக்கும். 2017 முதல் வந்த டபிள்யூஎல்டிபி சோதனையில் 30 நிமிடம், 23 கிலோமீட்டர், உச்ச வேகம் 131, ஏற்ற இறக்கமும் அதிகம். அதே வண்டிக்கு எண்கள் இறங்கின, உண்மைக்கு நெருங்கின. இருந்தாலும் மணிக்கு 8 கிலோமீட்டரில் ஊரும் சாலையை எந்தச் சோதனைச் சுழற்சியும் உங்களுக்காக ஓட்டிப் பார்ப்பதில்லை.

மற்றவை சுருக்கமாக. டயர் காற்று குறைந்தால் ஒவ்வொரு பிஎஸ்ஐ-க்கும் சுமார் 0.2 சதவீதம் போகும், சின்னதுதான், ஆனால் சரிசெய்யச் செலவே இல்லை. டிக்கியில் 45 கிலோ சும்மா கிடந்தால் ஒரு சதவீதம். குளிர்ந்த இன்ஜினோடு இரண்டு, மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் பயணங்கள் மைலேஜை மோசமாக அடிக்கும். சூடேறும்வரை கலவையில் பெட்ரோல் அதிகம், எண்ணெயும் தடிப்பாக இருக்கும். நாலு வேலையை ஒரே பயணத்தில் முடிப்பது நல்லது. விலை உயர்ந்த பெட்ரோலும் அதில் ஊற்றும் மருந்துகளும் மைலேஜை ஏற்றும் என்று சொல்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை, வாங்குவதும் இல்லை.

ஹைபிரிட் காரில் மேலே சொன்னதில் பாதி மாறிவிடும். பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி ஆற்றலில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பிவிடுகிறது, நிற்கும்போது இன்ஜின் அணைகிறது. நகரத்தில் நெடுஞ்சாலையைவிட அதிக மைலேஜ் வருவது அதனால்தான். மின்சாரக் காருக்கும் அப்படியே, நகரம் சுகம், 120-ல் ஓட்டினால் ரேஞ்ச் கண்ணெதிரே கரையும். ஆனால் திரும்பி வருவது ஒரு பகுதிதான். பிரேக் போடாமல் உருண்டு போவது அவற்றிலும் லாபம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எதையும் மாற்றுவதற்கு முன் இப்போதைய எண்ணைச் சரியாக எடுங்கள். டேங்கை நிரப்பி, நாசில் முதல் முறை தானாக நின்றதும் நிறுத்திவிட்டு, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ். ஒரே டேங்கை வைத்து முடிவு செய்யாதீர்கள், நிரம்பும் அளவு முன்னே பின்னே இருக்கும், மூன்று டேங்கின் சராசரி போதும். டிஸ்பிளேயில் காட்டும் நொடி நேர மைலேஜைப் பார்த்து ஓட்டினால் மேலே சொன்ன ஆமை வேகப் பழக்கம்தான் வரும், அதை மூடிவிட்டுச் சராசரியை மட்டும் காட்டச் சொல்லுங்கள். கூடவே சராசரி வேகத்தையும் பாருங்கள், பெரும்பாலான கார்களில் அதே திரையில் இருக்கும். நண்பரின் சராசரி வேகம் 28 என்றும் உங்களுடையது 17 என்றும் வந்தால் கிளம்பும் நேரத்தையும் வழியையும் மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவில் இருந்து மைலேஜ் மட்டும் வேறாக இருந்தால், ஒரு நாள் அவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, நீங்கள் எத்தனை முறை பிரேக் போடுகிறீர்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். மறுநாள் அவர் ஓட்டட்டும், நீங்கள் எண்ணுங்கள்.